பலூனுக்குள் இரண்டு டன் காற்று

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள அல்புகெர்க்கி நகரில் பலூன்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் 2005 முதல் இயங்கி வருகிறது. இப்படிப்பட்ட இடத்துக்குப் போனால் வண்ணத் துணியை அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடத் தோன்றும். கூடை, பர்னர், துணியின் உச்சி மூன்றையும் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் பலூன் பறக்கும் விதம் பிடிபடும். அதற்கு முன் சின்னக் கணக்கு ஒன்று இருக்கிறது.

கடல்மட்டத்தில், 20 டிகிரி செல்சியஸில், ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.2 கிலோ. 100 டிகிரிக்குச் சூடாக்கினால் காற்று விரிந்து வெளியேறி, அதே இடத்தில் 0.95 கிலோதான் மிஞ்சும். வித்தியாசம் வெறும் கால் கிலோ. பலூனைத் தூக்குவது இந்த வித்தியாசம்தான். மூன்று நான்கு பேர் ஏறும் பலூனின் கொள்ளளவு சுமார் 2,200 கனமீட்டர். பெருக்கினால் 550 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். துணி, கூடை, சிலிண்டர், ஆட்கள் எல்லாம் இதற்குள் அடங்கியாக வேண்டும். வெளியே 30 டிகிரி வெயில் என்றால் இது 480 கிலோவாகச் சரிந்துவிடும். ஓர் ஆளை இறக்கிவிட வேண்டியதுதான். சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்புகெர்க்கியில் காற்றே அடர்த்தி குறைவு என்பதால் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மேலும் போய்விடும். பலூன்காரர்கள் விடியற்காலையில் கிளம்புவதற்கு அந்த நேரத்துக் குளிர்ச்சி ஒரு காரணம். வெயில் ஏறினால் தரையிலிருந்து கிளம்பும் வெப்பக் காற்றோட்டங்கள் பலூனை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும் என்பது இன்னொன்று.

1783-இல் பிரான்சில் பலூன் செய்த மான்ட்கோல்ஃபியர் சகோதரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. புகைக்குத்தான் தூக்கும் சக்தி என்று நம்பி, வைக்கோலையும் கம்பளியையும் புகைய விட்டார்கள். காரணம் தப்பு, பலூன் பறந்தது! அந்த ஆண்டு நவம்பர் 21 அன்று பாரிசில் இருவர் சுமார் 25 நிமிடம் பறந்தார்கள். பொறி பட்டுக் கருகிய துணியை ஈரப் பஞ்சால் ஒற்றி அணைத்துக்கொண்டே போனார்கள்.

இன்றைய பர்னர் 1960-இல் அமெரிக்கரான எட் யோஸ்ட் புரொப்பேன் என்ற எரிவாயுவால் பறக்கவிட்ட பலூனின் வழித்தோன்றல். அதன் வாயைச் சுற்றி உலோகக் குழாய்ச் சுருள் ஒன்று தெரியும். சிலிண்டரிலிருந்து புரொப்பேன் திரவமாகவே வந்து, சுவாலையின் சூட்டிலேயே இந்தச் சுருளுக்குள் ஆவியாகி எரிகிறது. சமையலறை அடுப்புபோல சிலிண்டரின் மேற்பகுதியிலிருந்து வாயுவாக எடுத்தால் இத்தனை பெரிய தீக்கு ஈடு கொடுக்காது. கடுங்குளிரில் புரொப்பேனின் அழுத்தம் இறங்கித் தீ சோர்ந்துவிடும். அதனால் சிலிண்டரை முன்கூட்டியே சூடேற்றுகிறார்கள், அல்லது நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் கூட்டுகிறார்கள்.

துணி நைலான்தான். தீயை ஒட்டிய வாய்ப்பகுதிக்கு மட்டும் நோமெக்ஸ் என்ற தீ தாங்கும் துணி. உச்சியில்தான் சூடு அதிகம். 120 டிகிரிக்கு மேல் போனால் நைலானின் பூச்சு கெட்டுக் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட இன்னும் எரிக்க, துணி இன்னும் கெடும். பழைய பலூன்கள் எரிபொருளைக் குடிப்பது இதனால்தான்.

பறக்கிற பலூனின் மொத்த நிறை, உள்ளிருக்கும் இரண்டு டன் காற்றையும் சேர்த்தால், இரண்டரை டன்னைத் தாண்டும். பர்னரைத் திறந்த உடனே அது அசையாது. பல விநாடி தாமதமாகும். கற்றுக்குட்டி பொறுக்காமல் இன்னும் எரிப்பார், பலூன் தேவைக்கு மேல் ஏறும், பிறகு இறங்கும். அனுபவசாலி சின்னச் சின்னதாக, முன்கூட்டியே எரிப்பார்.

திசை திருப்ப எந்தக் கருவியும் கிடையாது. வெவ்வேறு உயரத்தில் காற்று வெவ்வேறு பக்கம் வீசுவதுதான் பிடிமானம். அல்புகெர்க்கியில் இலையுதிர்காலக் காலைகளில், பள்ளத்தாக்கின் குளிர்ந்த காற்று தாழ்வாகத் தெற்கு நோக்கி வடியும். மேலே காற்று வடக்கு நோக்கிப் போகும். தாழப் போய், உயர ஏறித் திரும்பினால் புறப்பட்ட இடத்தருகிலேயே இறங்கலாம். இதை அங்கே 'பெட்டி' என்கிறார்கள்.

கிளம்பும்போது காற்றடித்தால் ஓர் ஆபத்து உண்டு. நிற்கும் பலூனின் உச்சியை உரசி ஓடும் காற்று அதை மேலே உறிஞ்சும். போதிய சூடு ஏறாமலே பலூன் எழும்பிவிடும். பலூன் காற்றின் வேகத்தை எட்டியதும் உறிஞ்சல் நின்று, அப்படியே அமிழும். எதிரே மரமோ மின்கம்பியோ இருந்தால் விபரீதம்தான். மின்கம்பி பலூனுக்குப் பரம எதிரி.

இறங்குவதற்கு உச்சித் துளையைப் பாருங்கள். துளையைவிடப் பெரிய வட்டத் துணி ஒன்று உள்ளிருந்து சூடான காற்றின் அழுத்தத்தாலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். கயிற்றை இழுத்தால் துணி கீழிறங்கிக் காற்று போகும், விட்டால் தானே மூடிக்கொள்ளும். பறக்கும்போது அளவு மீறி இழுத்தால் துணி சுருண்டு, திரும்பப் போய் உட்காராது. தரை தொட்ட பிறகுதான் முழுக்க இழுக்கலாம். காற்று பலமாக இருந்தால் கூடை சாய்ந்து இழுபடும். பிரம்பு வளைந்து கொடுத்து அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். அலுமினியப் பெட்டியாக இருந்தால் அது நேரே முழங்காலுக்கு வரும்.