தினமும் காலையில் பதினைந்து நிமிடம்

தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்கள் விடியுமுன்பே அடுப்பு மூட்டிவிடுவார்கள். அப்படி ஒரு வீட்டுப் பையன், ஒன்பதாம் வகுப்பில் முதல் பீரியடிலேயே தூங்கி விழுவான். நான் அவனைப் பலமுறை வெளியே நிறுத்தியிருக்கிறேன். காரணம் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், அறுபது பேர் முன்னால் அவன் வாய் திறந்திருக்க மாட்டான்.

அடுத்த ஜூனில் எங்கள் பள்ளியில் சிறு குழு நேரத்தைத் தொடங்கினோம். அமெரிக்கப் பள்ளிகளில் 'அட்வைசரி' என்ற பெயரில் நெடுநாளாக இருப்பதுதான். பிரேயர் முடிந்ததும் பதினைந்து நிமிடம், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர். பி.டி. மாஸ்டருக்கும் நூலகருக்கும்கூட ஒரு குழு உண்டு. பத்தாம் வகுப்பு முடியும்வரை யாரும் மாறுவதில்லை.

இதில் பாடமும் இல்லை, அறிவுரையும் இல்லை. "ஏன் மார்க் குறைந்தது?" என்று நான் கேட்பதில்லை. "நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய்?" என்றுதான் கேட்பேன். "மாவு ஆட்டி முடிக்கவே பதினொன்றாகிவிட்டது டீச்சர், மூன்று மணிக்கு அம்மா எழுப்பிவிட்டார்கள்" என்று அந்தப் பையன் சொன்னது இப்படித்தான். அவன் அப்பாவைப் போய்ப் பார்த்தேன். வாரத்தில் மூன்று நாள் அவனைத் தூங்க விட ஒப்புக்கொண்டார். அவர்கள் பிழைப்பில் அது சிறிய விஷயமல்ல.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதாதா என்கிறார்கள். போதாது. எப்போதும் இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டி வரும் பெண் ஒருநாள் தலை வாராமல் வந்தால், தினமும் பார்க்கிற கண்ணுக்குத்தான் அது படும். அவள் அம்மா பாட்டியின் வைத்தியத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தார். சமையல், தம்பிகள், தண்ணீர் பிடிப்பது எல்லாம் அவள் தலையில்.

ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்று தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். இதை முதல் நாளே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். அப்படியும் பேசுகிறார்கள். குழந்தைகளுக்கான 1098, மனநல உதவிக்கான 14416 என்ற இரண்டு தொலைபேசி எண்களும் எங்கள் கரும்பலகையின் ஓரத்தில் அழியாமல் இருக்கின்றன.

பொதுத்தேர்வு நெருங்கும்போது இந்த நேரத்தைக் கணக்கு டெஸ்டுக்குக் கேட்பார்கள். கொடுத்துவிடாதீர்கள். என் குழு மிக அதிகமாகப் பேசியது ஜனவரியில்தான்.