தன்னார்வ வரைபடக் குழுவின் சர்வரை மாற்றும்போது எதைக் காப்பாற்ற வேண்டும்?

வட சென்னையில் தெருத்தெருவாக நடந்து, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச உலக வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் விவரம் சேர்க்கும் தன்னார்வலர்களுக்கு சர்வர் வேலைகளில் உதவி வருகிறேன். குழுவின் தளம் ஓடும் வாடகை சர்வரை மாற்றப் போகிறோம் என்றதும் வரும் முதல் கேள்வி இதுதான்: "எர்ணாவூர்ல நான் வரைஞ்ச சந்தெல்லாம் போயிடுமாண்ணே?"

போகாது. 2004இல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்குச் சொந்தமாக சர்வர்கள் இருக்கின்றன. நீங்கள் வரைந்த சந்து, தரைப்பாலம், ரேஷன் கடை எல்லாம் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன. குழுவின் சர்வர் நாளையே செத்துப்போனாலும், ஓபன்ஸ்ட்ரீட்மேப் விவரங்களைப் பகுதி பகுதியாகத் தரும் ஜியோஃபேப்ரிக் தளத்திலிருந்து தென்னிந்தியத் தொகுப்பை இறக்கிப் புது சர்வரில் ஏற்றிவிடலாம். அதன் பிறகு நடந்த திருத்தங்கள் நிமிடத்துக்கு நிமிடம் வெளியாகும் மாற்றக் கோப்புகளில் கிடைக்கும். டைல்கள் எனப்படும் படத்துண்டுகளையும் சுமந்துபோக வேண்டாம். ஒவ்வொரு ஜூம் நிலைக்கும் அவை நான்கு மடங்காகும். 18ஆம் நிலையில் உலகம் முழுமைக்கும் 6,800 கோடிக்கு மேல் வரும். ஆட்கள் கேட்கக் கேட்கப் புது சர்வர் வரைந்துகொள்ளட்டும்.

கவலைப்பட வேண்டியது ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்குள் போகாத விவரங்களைப் பற்றித்தான். எந்த மழையில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை அங்கே ஏற்ற முடியாது. அது நிலையாக இருப்பவற்றுக்கான வரைபடம். ஆனால் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த விவரம்தான் உயிர். 2015 வெள்ளத்தில், தண்ணீர் நின்ற தெருக்களை மக்களே குறித்த ஒரு வரைபடம் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் மேல்தான் எழுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து எண்ணூர் கழிமுகத்தில் பரவியது. அப்படி ஒரு நேரத்தில் படகையும் வலையையும் வீட்டுச் சுவரையும் எடுத்த படங்கள், எந்த மட்டம் வரை கறை ஏறியது என்ற குறிப்புகள், ஜிபிஎஸ் தடங்கள், கையால் எழுதி ஸ்கேன் செய்த தாள்கள் இவையெல்லாம் பெரும்பாலும் குழுவின் சர்வரில் மட்டும்தான் இருக்கும். மறுபடி நடந்துபோய் எடுக்க அந்தத் தண்ணீர் இப்போது அங்கே இல்லை.

அதனால் முதல் வேலை, இந்த சர்வரைத் தவிர வேறெங்கும் இல்லாதவை எவை என்று எழுதுவது. தொழில்நுட்பம் தெரிந்தவர் மட்டும் உட்கார்ந்து இதை எழுதினால் பாதி விட்டுப்போகும். களத்துக்குப் போகிறவர்களை, முக்கியமாக அடிக்கடி பேசாதவர்களை, கூப்பிட்டுக் கேளுங்கள். படங்களைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை: "வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் இருக்கே" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். படமாக அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். கோப்புக்குள் இருக்கும் இடக்குறிப்பும் போய்விடும். சர்வரில் உள்ள அசல் கோப்புதான் சாட்சி.

அடுத்து டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர். சர்வரை விட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பல குழுக்களில் டொமைன் யாரோ ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அவர் கல்யாணமாகி வேறு ஊர் போயிருப்பார், போன் நம்பரும் மாறியிருக்கும். 2021 அக்டோபரில் தானியங்கிப் பணப்பிடித்தம் குறித்த ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனங்களுக்குக் கார்டில் தானாகப் போய்க்கொண்டிருந்த கட்டணங்கள் பல நின்றுபோயின. புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலை யாரும் திறக்காவிட்டால் பெயரே கைவிட்டுப் போகும். சர்வரைத் தொடும் முன், டொமைன் லாகினைக் குழுவில் இரண்டு பேராவது திறந்து பார்த்திருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது; ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர் கண்ணில் இது படாது. லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சி, 2018இல் வந்த 2.28 பதிப்பில் எழுத்துகளை அடுக்கும் வரிசையை மாற்றியது. அதற்கு முந்தைய சர்வரிலிருந்து விவரங்களைச் சேமித்துவைக்கும் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் கோப்புறையை அப்படியே புதிய சர்வருக்கு நகலெடுத்தால், தேடலுக்கான அகரவரிசைப் பட்டியலான இண்டெக்ஸ் பழைய வரிசையில் இருக்கும், தேடல் புதிய வரிசையில் நடக்கும். உள்ளே இருக்கும் தெருவை "இல்லை" என்று சொல்லும். கோப்புறைக்குப் பதில் டம்ப் (உள்ளே இருக்கும் விவரங்களை மட்டும் எழுதித் தரும் கோப்பு) எடுத்து மறுபடி ஏற்றினால் இண்டெக்ஸ் புதிதாகக் கட்டப்படும், இந்தத் தொல்லை வராது. நேரம் கூட ஆகும், பரவாயில்லை. அப்புறம் எழுத்துரு. புது சர்வரில் தமிழ் எழுத்துரு நிறுவாவிட்டால் வரைபடத்தில் பெயருக்குப் பதில் கட்டம் கட்டமாக வரும். பழைய மென்பொருளாக இருந்தால் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் இரண்டையும் தேடிப் பாருங்கள், படத்திலும் பாருங்கள்; பெரும்பாலான கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

ஆடியில் வீடு மாறக் கூடாது என்பார்கள். சர்வருக்கு ஆடியும் ஆவணியும்தான் நல்ல காலம். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் எதையும் தொடாதீர்கள். நாள் குறித்ததும், டொமைன் எந்த சர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவின் ஆயுளை (மற்ற கணினிகள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) இரண்டு மூன்று நாள் முன்பே 300 நொடியாகக் குறையுங்கள். அது ஒரு நாள் என்று இருந்தால், மாற்றிய பிறகும் சிலர் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள். மாற்றும் இரவில் பழையதில் பதிவேற்றத்தை நிறுத்திப் படிக்க மட்டும் விடுங்கள். இல்லையென்றால் சில படங்கள் அங்கும் சில இங்குமாகப் பிரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அன்றுதான் எல்லோரும் களத்தில் இருப்பார்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கால் உள்ளே நுழையும் வசதியையும் ஒருமுறை பாருங்கள். அப்படி நுழைய உதவிய பழைய ஓஆத் 1.0 முறையை அவர்கள் 2024இல் நிறுத்திவிட்டார்கள். தளத்தைப் பாதுகாப்பாகத் திறக்க உதவும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழைப் பழையதிலிருந்து எடுத்துவைத்தால் அன்றைக்கு வேலை செய்யும்; அதன் ஆயுள் அதிகம் போனால் 90 நாள்தான். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைப் புது சர்வரில் செய்யாவிட்டால் எல்லோரும் மறந்த பிறகு தளம் திறக்காது.

பழைய சர்வரை உடனே அழிக்காதீர்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கே 2024 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் இணைய இணைப்பு அறுந்து சேவை நின்றது. டப்ளினில் இருந்த சர்வர்களைக் கொண்டுதான் மீண்டார்கள். ஒரு மாத வாடகை கூடுதலாகக் கொடுத்தாவது பழையதை வைத்திருங்கள். அந்த மாதத்தில், எடுத்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, அது திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு முழு நகல் ஒன்றை ஹார்ட் டிஸ்கில் போட்டு, மாடியில் குடியிருக்கும் ஒருவரிடம் கொடுங்கள். தன்னார்வலர்களின் போன் எண்களும் மக்களின் முகம் தெரியும் படங்களும் பழைய சர்வரில் இருக்கும் என்பதால், வாடகையை நிறுத்தும் முன் அதை முழுவதுமாக அழித்துவிட்டு ஒப்படையுங்கள்.