லேப்டாப்பை மூடியதும் செத்துப்போகும் வேலைகள்

சர்வரில் ராத்திரி முழுக்க ஓடவேண்டிய வேலையை ஆரம்பித்துவிட்டு, லேப்டாப்பை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறவரா நீங்கள்? இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் ஒரு வாடிக்கையாளரின் பழைய பில்களைப் புது டேட்டாபேஸுக்கு மாற்றும்போது பட்டேன். 40 லட்சம் வரி ஏறவேண்டிய டேபிளில், காலையில் வந்து பார்த்தால் 11 லட்சம்தான் இருந்தது. லாகில் பிழை என்று ஒரு வரி கிடையாது, பாதியில் அப்படியே நின்றிருந்தது. எரிச்சல் என்னவென்றால், அதற்கு முந்தைய வாரம் இதே ஸ்கிரிப்டைக் கடைசியில் '&' குறி (பின்னணியில் ஓடு என்று அர்த்தம்) போட்டு ஓடவிட்டுப் போனபோது அழகாக முடிந்திருந்தது.

காரணம் டெலிபோன். நிஜமாகத்தான் சொல்கிறேன். 1969இல் பெல் லேப்ஸில் தொடங்கிய யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், பல பேர் பகிர்ந்துகொள்ளும் ஒரே கணினிக்கானது. சிலர் டெலிபோன் லைனில் மோடம் வைத்து வேறெங்கோ இருந்து உள்ளே வருவார்கள். லைன் அறுந்தால் அந்த ஆள் போய்விட்டார் என்று அர்த்தம், அவர் விட்டுப்போன புரோகிராம்கள் அடுத்தவர் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கக்கூடாது. அதனால் 'போனை வைத்துவிட்டார்' என்று ஒரு சிக்னல் போகும். அதன் பெயரே 'சிக்ஹப்', 'சிக்னல் ஹேங்கப்' என்பதன் சுருக்கம். தனியாக ஏற்பாடு செய்துகொள்ளாத புரோகிராம் இந்தச் சிக்னல் வந்தால் செத்துவிடும். இன்றைக்கு டெலிபோன் இருந்த இடத்தில், தூரத்துச் சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு இருக்கிறது. விதி மட்டும் மாறவே இல்லை.

சரி, முந்தைய வாரம் ஏன் பிழைத்தது? அன்றைக்கு நான் 'எக்ஸிட்' அடித்து ஒழுங்காக வெளியே வந்திருந்தேன். நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் ஷெல் அப்படி வெளியேறும்போது, நீங்களாக அமைப்பை மாற்றியிருந்தால் ஒழிய, பின்னணி வேலைகளுக்கு அந்தச் சிக்னலை அனுப்பாது. இணைப்பு அறுந்தால் கதை வேறு: சிக்னல் முதலில் ஷெல்லுக்கே வரும், அது சாவதற்கு முன்னால் தன் கீழ் இருக்கும் அத்தனை வேலைக்கும் அதை அனுப்பிவிட்டுத்தான் சாகும். '&' போட்டால் திரை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான், வேலைக்கும் லைனுக்கும் இருக்கிற முடிச்சு அவிழாது. இது தெரியாமல் 'போன தடவை ஓடிச்சே' என்று தலையைச் சொறிகிற ஆட்களை வருஷத்துக்கு நாலு பேராவது பார்க்கிறேன்.

என் தலைமுறைக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு, அது பழைய பிசிக்களை ஓட்டிய டாஸில் இருந்து வந்தது. நான் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் ஃபாக்ஸ்புரோ டேட்டாபேஸின் ரிப்போர்ட் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் கரகரவென்று முடிகிறவரை கையைக் கட்டிக்கொண்டுதான் உட்காருவோம். டாஸ் மொத்த மெஷினையும் ஒரே புரோகிராமிடம் கொடுத்துவிடும். 1983இல் வந்த 2.0 பதிப்பிலேயே 'பிரிண்ட்' என்று ஒரு கட்டளை இருந்தது, நொடிக்குச் சுமார் 18 முறை வரும் கடிகாரத் துடிப்பைப் பிடித்துக்கொண்டு, இடுக்கில் நாலு எழுத்தைப் பிரிண்டருக்குத் தள்ளும். அடுத்த வருஷம் போர்லாண்ட் கம்பெனியின் சைட்கிக் என்ற புரோகிராம் வந்தது. 'முடிந்தேன்' என்று சொல்லிவிட்டு மெமரியிலேயே ஒளிந்திருந்து, விசையை அழுத்தினால் எட்டிப் பார்க்கும். ஆனால் டாஸுக்குள் ஒரே சமயத்தில் இரண்டு பேர் நுழைய முடியாது. அது சும்மா இருக்கிறதா என்று திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டுத்தான் இவர்கள் வேலையைத் தொடவேண்டும், கணக்குத் தப்பினால் மெஷின் உறைந்துபோகும். இதிலேயே பழகிய நமக்கு, திரையில் தெரியாத புரோகிராம் ஓடவில்லை என்ற நினைப்பு ஊறிப்போய்விட்டது.

கண்ட்ரோல்-இசட் மாட்டிவிடுவது அங்கேதான். 1980 வாக்கில் பெர்க்லியின் சி ஷெல்லில் வந்த வசதி இது. அழுத்தினால் புரோகிராம் சாகாது, இருந்த இடத்தில் உறையும். அது பிடித்திருந்த மெமரி, பூட்டிய ஃபைல், டேட்டாபேஸ் இணைப்பு எல்லாம் அதன் கையிலேயே இருக்கும். 'எஃப்ஜி' அடித்தால் முன்னால் வரும், 'பிஜி' அடித்தால் பின்னணியில் ஓடும், இரண்டும் அடிக்காவிட்டால் அப்படியே கிடக்கும். டேபிள் லாக் ஆகிவிட்டது என்று ஆபீஸே கத்திக்கொண்டிருக்க, காரணம் யாரோ ஒருவர் 'நிறுத்திவிட்டேன்' என்று நினைத்த வேலையாக இருந்ததுண்டு.

நீண்ட வேலை என்றால் இப்போது நான் முதலில் 'டிமக்ஸ்' அடித்துவிட்டுத்தான் எதையும் தொடுகிறேன். பழைய மெஷினில் 'ஸ்க்ரீன்' இருக்கும், 1987இல் பெர்லினில் எழுதியது, இன்றும் ஓடுகிறது. இவை இரண்டும் சர்வரிலேயே ஓடி, உங்களுக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு பொய்த் திரையைப் பிடித்துக்கொள்ளும். இணைப்பு போனால் சாவது உங்கள் பக்கத்து ஷெல் மட்டும்தான், மறுநாள் வந்து ஒட்டிக்கொள்ளலாம். ஒரே கட்டளை என்றால் முன்னால் 'நோஹப்' போதும், அந்தச் சிக்னலைக் கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். ஆரம்பித்த பிறகு ஞாபகம் வந்ததா? கண்ட்ரோல்-இசட், அப்புறம் 'பிஜி', அப்புறம் 'டிஸோன்', ஷெல் அந்த வேலையைத் தன் கணக்கிலிருந்து கழற்றிவிடும். ஆனால் அந்தப் புரோகிராம் திரையில் எழுதிக்கொண்டே இருக்கும் வகை என்றால், திரை போனதும் எழுத முடியாமல் அதுவும் படுக்கலாம். இன்னொன்று, லாக்அவுட் செய்ததும் டிமக்ஸையும் சேர்த்துக் கொல்கிற மாதிரி சில சர்வர்களில் சிஸ்டம்டி-யை (லினக்ஸில் மற்ற புரோகிராம்களை நிர்வகிப்பது) அமைத்திருப்பார்கள், முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

போன மாதம் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி வந்து, 'அண்ணா, விஐ-யில் எந்த ஃபைலைத் திறந்தாலும் ஸ்வாப் ஃபைல் இருக்குன்னு எச்சரிக்கை வருது' என்றார். விஐ ஒரு டெக்ஸ்ட் எடிட்டர், ஃபைல் திறந்திருக்கும்வரை ஸ்வாப் ஃபைல் என்று ஒரு தற்காலிக ஃபைலை வைத்திருக்கும். அதை விட்டு எப்படி வெளியே வருகிறீர்கள் என்று கேட்டேன். கண்ட்ரோல்-இசட் என்றார். ஷெல்லின் கீழ் இருக்கும் வேலைகளைப் பட்டியல் போடும் 'ஜாப்ஸ்' அடிக்கச் சொன்னேன். டிமக்ஸுக்குள் ஒரு வாரமாகத் திறந்தே கிடந்த அந்த ஒரே ஷெல்லில் 14 விஐ வரிசையாக உறைந்து நின்றன. ஒவ்வொன்றாக 'எஃப்ஜி' போட்டு எழுப்பினோம். மூன்றில் சேமிக்காத மாற்றங்கள் இருந்தன, அதில் ஒன்றைத்தான் அவர் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.