வழக்கு நடத்துவதா, சமரச மையத்துக்குப் போவதா?

சிவில் வழக்கு ஒன்று ஓரளவு நகர்ந்ததும், நீதிபதி வழக்குக் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதைச் சமரச மையத்துக்கு அனுப்புகிறேன்" என்று சொல்லித் தேதி கொடுப்பார். கேட்டதும் இரண்டு தரப்புக்கும் ஒரே சந்தேகம் வரும்: நம் பக்கம் கேஸ் பலவீனமாக இருப்பதால்தான் அனுப்புகிறாரோ? அப்படி இல்லை. பேசித் தீர வாய்ப்புள்ள வழக்கை வேறு வழிகளுக்கு அனுப்பிப் பார்க்கும் பொறுப்பை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89-ஆம் பிரிவு நீதிபதியிடம் கொடுத்திருக்கிறது. யார் பக்கம் நியாயம் என்று அந்தக் கட்டத்தில் அவர் யோசித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்தப் பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் வந்த சட்டத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது சேலம் வழக்கறிஞர் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்று சொன்ன நீதிமன்றம், சமரசத்தை எப்படி நடத்துவது என்பதற்கு மாதிரி விதிகள் எழுத ஒரு குழுவையும் போட்டது. 2005-இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தார்கள். நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்து அமைந்த முதல் மையம் என்று அதைத்தான் சொல்வார்கள். இப்போது மாவட்ட நீதிமன்ற வளாகங்களிலும் இருக்கின்றன.

அறைக்குள் என்ன நடக்கிறது

பேச்சை நடத்தி வைக்கும் சமரசர் நீதிபதி இல்லை. தீர்ப்பு சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. பெரும்பாலும் பயிற்சி பெற்ற வழக்கறிஞராகவோ ஓய்வு பெற்ற நீதிபதியாகவோ இருப்பார். முதலில் இரண்டு தரப்பையும் ஒன்றாக உட்கார வைத்து, நடைமுறையைச் சொல்லி, ஒவ்வொருவரையும் பேச விடுவார். அப்புறம் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார். தனியாகச் சொன்னதை உங்கள் சம்மதம் இல்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்லக் கூடாது என்பது விதி.

கோர்ட்டில் கட்சிக்காரர் பின்வரிசையில் நின்றுகொண்டு வாய்தா தேதியைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். இங்கே அவரே வர வேண்டும், அவரே வாயைத் திறக்க வேண்டும். வக்கீல் கூட இருக்கலாம். பல வருடமாக வக்கீல் நோட்டீஸ் மூலம் மட்டுமே பேசிக்கொண்டவர்கள் முதல் முறையாக நேருக்கு நேர் பேசுவது இந்த மேசையில்தான். பாதி வழக்குக் காகிதத்தில் இல்லாத ஏதோ ஒரு கோபத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரியவரும்.

"அங்கே உண்மையைச் சொல்லிவிட்டால் பிறகு கேஸில் அதை எடுத்து அடிப்பார்களே" என்ற பயம் நிறையப் பேருக்கு உண்டு. சமரசப் பேச்சில் சொன்னதைச் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. பேச்சு முறிந்தால், "தீர்வு ஏற்படவில்லை" என்ற ஒரு வரியைத் தவிர வேறு எதையும் சமரசர் நீதிமன்றத்துக்கு எழுதக் கூடாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. யார் எவ்வளவு தர முன்வந்தார், யார் பிடிவாதம் பிடித்தார் என்பதெல்லாம் நீதிபதியின் காதுக்குப் போகாது. வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். அந்த வகையில், போய்ப் பார்ப்பதில் இழப்பு என்று பார்த்தால் சில வாரங்கள்தான்.

எப்போது அனுப்புவது என்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. அதே 2010-இல் வந்த இன்னொரு தீர்ப்பின்படி, பொதுவாக வழக்குப் போட்டவரின் வழக்குரையும் அதற்கு எதிர்த்தரப்பின் பதிலான எதிர்வழக்குரையும் தாக்கலான பிறகு, எழுவினாக்கள் (நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்) வனைவதற்கு முன்பு அனுப்ப வேண்டும். குடும்ப வழக்குகளில் மட்டும் எதிர்மனு போடுவதற்கு முன்பே அனுப்புவது நல்லது. நடைமுறை அறிந்து சொன்ன பேச்சு இது. கணவனோ மனைவியோ மற்றவரின் நடத்தையைப் பற்றி எதிர்மனுவில் எழுதிவிட்டால், அதைப் படித்தவர் மறுபடி அதே மேசைக்கு வந்து உட்காருவது லேசில்லை.

நீதிமன்றம் தருவதும் தராததும்

ஒரு பாகப்பிரிவினை வழக்கை எடுத்துக்கொள்வோம். அண்ணன் தம்பி இருவர், ஒரு வீடு, கொஞ்சம் நிலம், பொதுக் கிணறு, வயதான அம்மா. வழக்குப் போட்டால் முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். இறுதித் தீர்ப்பாணைக்கு மறுபடி மனுப் போட வேண்டும். நீதிமன்றம் நியமிக்கும் வழக்கறிஞர் ஆணையர் வந்து அளந்து, வரைபடம் போட்டு, அறிக்கை கொடுப்பார். அதற்கு ஆட்சேபணை, விசாரணை. வீட்டைப் பிரிக்க முடியாது என்றால், 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லும் நிலைகூட வரலாம். இடையில் முதல்நிலைத் தீர்ப்பாணைக்கே மேல்முறையீடு போனால் அது தனிக் கதை.

இவ்வளவுக்கும் பிறகு, அம்மா யார் வீட்டில் இருப்பார், அவருடைய மருத்துவச் செலவு யாருடையது, கிணற்றுக்குப் போகும் பாதையை யார் மறிக்கக் கூடாது, வீட்டை வைத்துக்கொள்பவர் மற்றவருக்குப் பணத்தை எத்தனை தவணையில் தருவார் என்ற கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தீர்ப்பாணையில் பதில் இருக்காது. வழக்குரையில் கேட்காத பரிகாரத்தை நீதிமன்றம் பொதுவாகக் கொடுப்பதில்லை. சமரச ஒப்பந்தத்தில் இவை எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளலாம். வேறு கோர்ட்டில் கிடக்கும் இன்னொரு வழக்கையும் சேர்த்தே முடித்துக்கொள்ளலாம். சமரசத்தின் உண்மையான பலம் இதுதான் என்பது என் கருத்து. நேரம் மிச்சம், செலவு மிச்சம் என்பதெல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஆனால் சில வேலைகளை நீதிமன்றம்தான் செய்ய முடியும். நாளைக் காலையில் சுவரை இடிக்கப் போகிறார்கள் என்றால் இன்று தேவை இடைக்காலத் தடை உத்தரவு. சமரசரால் அதைக் கொடுக்க முடியாது. எதிர்த்தரப்பு ஒளித்து வைத்திருக்கும் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லவும், பொய் சொல்பவரைக் குறுக்கு விசாரணை செய்யவும் கோர்ட்தான் வேண்டும். கையெழுத்தே போலி, பத்திரமே மோசடி என்பது உங்கள் வழக்கானால் அதை விசாரித்து நிரூபித்தாக வேண்டும். உயில் மெய்ப்பிப்பு (உயில் செல்லும் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது), தேர்தல் தகராறு, பலரின் நலனுக்காக ஒருவர் தொடுக்கும் பிரதிநிதித்துவ வழக்கு, மைனர்கள் அல்லது கோயில் தெய்வங்களுக்கு எதிரான கோரிக்கைகள் ஆகியவற்றையும் சமரசத்துக்குப் பொருந்தாதவை என்று, எப்போது அனுப்புவது என்று சொன்ன அதே 2010 தீர்ப்பு வரிசைப்படுத்தியிருக்கிறது. வியாபாரக் கொடுக்கல் வாங்கல், குடும்பப் பிணக்கு, அக்கம்பக்கத்துத் தகராறு, வாகன விபத்து இழப்பீடு, நுகர்வோர் புகார் போன்றவை பொருந்தும்.

குற்ற வழக்குகளில் எல்லை இன்னும் கடுமையானது. பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்துச் சொன்னது. காசோலை வழக்கு போல, சட்டமே சமாதானத்துக்கு இடம் தரும் குற்றங்களைப் பேசி முடிக்கலாம். மனைவியைக் கொடுமைப்படுத்திய புகார் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இரு தரப்பும் சமரசமானாலும் வழக்கு தானாகப் போகாது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். ரத்து மனுவை யார், எப்போது போடுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதாமல் விட்டால் பின்னால் சிக்கல் வரும். வீட்டில் அடி வாங்கியவர் எதிரில் அடித்தவரே உட்கார்ந்திருந்தால் சமமாகப் பேச முடியுமா என்பது வேறு கேள்வி. முடியாது என்றால் அதைச் சமரசரிடம் தனியாகச் சொல்லிவிடலாம். பேச்சிலிருந்து எந்த நேரத்திலும் விலக உங்களுக்கு உரிமை உண்டு.

காவல் நிலையத்தில் உட்கார வைத்து எழுதி வாங்குவதும், ஊரில் நாலு பேர் சேர்ந்து மிரட்டிக் கையெழுத்து வாங்குவதும் இந்தக் கணக்கில் சேராது. அது கட்டப்பஞ்சாயத்து.

கையெழுத்துப் போட்டால் அது தீர்ப்பாணை

சமரச ஒப்பந்தம் வெறும் வாக்குறுதிக் காகிதம் இல்லை. வழக்கு நிலுவையில் இருக்கும்போது எட்டிய ஒப்பந்தத்தை நீதிமன்றம் பதிவு செய்து, அதன்படி தீர்ப்பாணை பிறப்பிக்கும். எதிர்த்தரப்பு சொன்னபடி நடக்காவிட்டால் புதிதாக வழக்குப் போட வேண்டாம். தீர்ப்பாணையை நடைமுறைப்படுத்தக் கேட்டு நேரே நிறைவேற்று மனு போடலாம்.

இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். சம்மதத்தின் பேரில் வந்த தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. "அவசரத்தில் ஒத்துக்கொண்டேன், இப்போது யோசித்தால் குறைவாகத் தெரிகிறது" என்பதெல்லாம் எடுபடாது. மோசடி போன்ற காரணத்தால் அந்தச் சமரசமே சட்டப்படி செல்லாது என்று நினைத்தால், அதே நீதிமன்றத்தில்தான் போய்ச் சொல்ல வேண்டும். அதை எதிர்த்துத் தனி வழக்கும் போட முடியாது. சாதாரணத் தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் மேலே போகலாம், இங்கே அந்தக் கதவு இல்லை. அதனால் தொகை, தேதி, தவணை தவறினால் என்ன என்பதெல்லாம் எண்ணாலும் எழுத்தாலும் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பேனாவை எடுங்கள். வழக்கில் இல்லாத வேறு ஒரு அசையாச் சொத்தையும் ஒப்பந்தத்தில் சேர்த்தால், அதற்குப் பத்திரப் பதிவு தேவைப்படும். சமரசம் முடிந்த சந்தோஷத்தில் இதைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தும் சமரச மையமும் ஒன்றல்ல. லோக் அதாலத் 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் கீழ் வருகிறது. ஒரே நாளில் நிறைய வழக்குகள் எடுப்பார்கள். தொகை மட்டுமே பாக்கி நிற்கும் விபத்து, வங்கிக் கடன் வழக்குகளுக்கு அது சரி. நிதானமாகப் பல அமர்வு பேச வேண்டிய குடும்ப விவகாரத்துக்குச் சமரச மையம்தான் பொருத்தம். லோக் அதாலத் தீர்வுக்கும் மேல்முறையீடு இல்லை.

கட்டிய கட்டணம் திரும்ப வரும்

தமிழ்நாட்டில் பணம் கேட்டுப் போடும் வழக்குக்குக் கேட்கும் தொகையில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம். 10 லட்சத்துக்கு 30,000 ரூபாய். வழக்கு சமரசத்தில் முடிந்தால் இந்தப் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 69-ஏ பிரிவைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: சமரசத்துக்கு அனுப்பியவுடனே கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், தீர்வு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்றே எழுதியிருக்கிறது.

மையத்துக்குப் போகாமல் இரு தரப்பும் தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டால்? அதற்கும் உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் சொன்னது. அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தின் நிர்வாகத் தரப்பே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் அந்த மேல்முறையீடு தள்ளுபடியானது. தாங்களாகவே சமாதானமாகி நீதிமன்றத்தின் நேரத்தை இன்னும் அதிகமாக மிச்சப்படுத்தியவர்களுக்குப் பணத்தை மறுப்பது எப்படி நியாயம் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். இருந்தாலும் கேட்டு வாங்க வேண்டிய பணம் இது. சமரச மனு தாக்கல் செய்யும்போதே கட்டணத்தைத் திருப்பித் தர உத்தரவு கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

வழக்குக்கு முன்பே போகலாமா

போகலாம். வட்ட, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் எதிர்த்தரப்பைப் பேச அழைப்பார்கள். 15100 என்ற இலவச எண்ணிலும் விசாரிக்கலாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு இலவசச் சட்ட உதவியும் அங்கேயே உண்டு.

3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள வணிகத் தகராறில் இது விருப்பத்தைப் பொறுத்ததல்ல. அவசரத் தடை உத்தரவு கேட்காத வழக்கானால், சமரச முயற்சி செய்யாமல் நேரே வழக்குத் தொடுக்க முடியாது. 2022 ஆகஸ்ட் 20 முதல் அப்படித் தொடுத்தால் வழக்குரை நிராகரிக்கப்படும். இந்தச் சமரச முயற்சிக்கு 3 மாதம். இரு தரப்பும் ஒப்பினால் இன்னும் 2 மாதம். அந்தக் காலம், வழக்குப் போடச் சட்டம் வைத்திருக்கும் கெடுவான காலவரம்பில் சேராது.

2023-இல் வந்த சமரசச் சட்டம், மற்ற சிவில் தகராறுகளுக்கு முன்கூட்டிய சமரசத்தை அவரவர் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. முடிக்க 120 நாள், தேவைப்பட்டால் மேலும் 60 நாள் என்கிறது. ஆனால் சில பிரிவுகள் மட்டும்தான் அந்த ஆண்டு அக்டோபர் 9 அன்று நடைமுறைக்கு வந்தன; மற்றவற்றுக்குத் தனி அறிவிப்பு வேண்டும். உங்கள் விஷயத்துக்கு எந்தப் பிரிவு பொருந்தும் என்று போகும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

எதிர்த்தரப்போடு வீட்டுக்குள் நீங்களாகப் பேசிக்கொண்டிருப்பது காலவரம்பை நிறுத்தாது. கைமாற்றுக் கடனுக்கும் புரோநோட்டுக்கும் 3 வருடம். காசோலை திரும்பினால் வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். "பேசிக்கலாம், அவசரம் என்ன" என்று இழுத்தடிப்பவர் சில சமயம் எதிர்பார்ப்பதே இந்தத் தேதி தாண்டுவதைத்தான். கடன் விஷயமானால், கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு அவரிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து 3 வருடம் புதிதாகத் தொடங்கும். எழுதித் தர மறுத்தால், வழக்கைத் தாக்கல் செய்துவிட்டுப் பேச்சைத் தொடரலாம்.