மாத்திரை சரி, நேரம்தான் தவறு

டயாலிசிஸ் பிரிவில் சிலரின் முன்கையைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். சொறிந்து சொறிந்து தோல் கறுத்து, நகக் கீறல்கள் வரிவரியாக இருக்கும். அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. இருந்தாலும் நான் முதலில் தேடுவது பாஸ்பரஸ் அளவைத்தான்.

அறுபதை நெருங்கிய ஒருவருக்கு அது 7.8 இருந்தது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 2.5 முதல் 4.5 மில்லிகிராம் வரை இருக்கலாம்.

"கால்சியம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா ஐயா?"

"ஒருநாளும் தவறியதில்லை டாக்டர். மூன்றையும் சேர்த்தே ராத்திரி படுக்கும் முன் போட்டுவிடுவேன்."

எலும்புக்கான சத்து மாத்திரை என்று நினைத்திருக்கிறார். அவருக்குக் கொடுத்தது கால்சியம் அசிடேட். உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து மலத்தோடு வெளியேற்றுவதுதான் அதன் வேலை. சோற்றோடு சேர்ந்து உள்ளே போகாவிட்டால் பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. வெறும் வயிற்றில் போனால் கால்சியம்தான் ரத்தத்தில் கூடுதலாக ஏறும். சீட்டில் '1-1-1' என்று எழுதிய நாங்கள் 'சாப்பாட்டோடு' என்று சொல்லத் தவறியிருக்கிறோம். குற்றம் அவருடையதல்ல.

உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதமும் பாஸ்பரஸில் ஏறத்தாழ 85 சதவீதமும் எலும்பிலும் பல்லிலும் இருக்கின்றன. மிஞ்சும் பாஸ்பரஸைச் சிறுநீரகம் வெளியேற்றும். (1669இல் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்ற ரசவாதி பாஸ்பரஸைக் கண்டுபிடித்ததே சிறுநீரைக் காய்ச்சித்தான்!) சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்தில் தேங்குகிறது. உடனே தைராய்டுக்குப் பின்னால் பயறளவில் இருக்கும் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொண்டு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்குகின்றன. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரத்தத்தில் கால்சியம் சரியாகவே தெரியும்; எலும்போ உள்ளே கரைந்துகொண்டிருக்கும். கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்தால் குழாய் விறைத்துப்போகும். இதயத்துக்கு அது நல்லதல்ல.

சிறுநீரக நோய் என்றதும் வீட்டில் முதலில் நிறுத்துவது பருப்பை. எனக்கு இதில் உடன்பாடில்லை. பருப்பிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி நம் குடலில் போதுமான அளவு இல்லாததால் ஒரு பகுதிதான் உடலில் சேர்கிறது. கோலா பானங்கள், பதப்படுத்திய சீஸ், பொட்டல இறைச்சி ஆகியவற்றில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். சேர்க்கப்பட்ட பொருள்களை உறையில் எண்களாகக் குறிப்பிட்டிருப்பார்கள்; அதில் 338 முதல் 341 வரை, 450 முதல் 452 வரையுள்ள பாஸ்பேட் எண்களில் ஏதேனும் இருந்தால் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.

சிறுநீரகம் நன்றாக இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பாலையும் கேழ்வரகையும் தள்ள வேண்டியதில்லை.

அந்த நோயாளிக்கு அடுத்த மாதம் 5.6. இன்னும் குறைய வேண்டும். இப்போது இலையில் உப்பு வைப்பதுபோல், தட்டின் ஓரத்தில் மாத்திரையை வைத்துவிடுகிறாராம் அவர் மனைவி.

"கல்யாண வீட்டுக்குப் போனால்?" என்று கேட்டார்.

"சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போங்கள், முதல் கவளத்தோடு உள்ளே போகட்டும்" என்றேன்.