பாய்காட் துரையும் புறக்கணிப்பும்

தேர்தலில் நிற்கப் போவதில்லை என்கிறது ஒரு கட்சி. நீதிமன்றத்துக்குப் போக மறுக்கிறார்கள் வழக்கறிஞர்கள். இன்ன நாட்டுப் பொருளை வாங்காதே என்று எங்கோ ஓர் ஊர்வலம். ஆங்கிலச் செய்தியில் மூன்றுக்கும் ஒரே சொல்: பாய்காட். காதில் விழும்போது இலத்தீன் வேரோ என்று தோன்றும். இல்லை, அது ஓர் ஆளின் குடும்பப் பெயர்.

சார்லஸ் கன்னிங்காம் பாய்காட், அயர்லாந்தின் மேயோ பகுதியில் எர்ன் பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்டவர். நம் ஊர்க் கணக்கில் காரியஸ்தர். 1880இல் குடியானவர்கள் குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொன்னார்கள். பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் பாய்காட் வெளியேற்ற நோட்டீஸ் அனுப்பினார். அதே மாதம் எனிஸ் நகரக் கூட்டத்தில் குடியானவர் இயக்கத் தலைவர் பார்னெல் ஒரு வழி சொல்லியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவனை அடிக்காதீர்கள், யாரும் அவனோடு புழங்காதீர்கள். அந்த ஆயுதம் துரை மேல் திரும்பியது. பண்ணையாட்கள் நின்றுவிட்டார்கள், கடையில் சாமான் இல்லை, துணி வெளுக்கவும் ஆள் இல்லை. அறுவடைக்கு வெளியிலிருந்து 50 பேரை அழைத்து வந்தார்கள். காவலுக்கு ஏறத்தாழ ஆயிரம் படையினரும் போலீசாரும். சுமார் 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவானதாகக் கணக்கிட்டார்கள்!

இந்த ஒதுக்கலுக்கு என்ன பெயர் வைப்பது? அதற்கென ஏற்கெனவே இருந்த கிரேக்க வழிச் சொல் குடியானவர் வாயில் நுழையாது என்று கருதிய உள்ளூர்ப் பாதிரியார் ஓமாலி, துரையின் பெயரையே வினைச்சொல்லாக்கினார். டிசம்பர் தொடக்கத்தில் துரை அயர்லாந்தை விட்டுக் கிளம்பினார். பெயர் மட்டும் பிரெஞ்சு, ரஷ்யம், ஜப்பானியம் என்று ஊர் சுற்றப் போய்விட்டது.

தமிழில் இதற்கு நெருங்கிய அனுபவம் ஊர்விலக்கு. கடையில் சாமான் தராமல், நல்லது கெட்டதுக்கு அழைக்காமல் ஒருவரை ஒதுக்குவது. ஆனால் ஊர்விலக்கு பெரும்பாலும் வலுத்தவர் எளியவர் மேல் ஏவுவது. மேயோவில் நடந்தது தலைகீழ். அதனால் அந்தச் சொல் பொருந்தாது.

சுதேசி இயக்க நாட்களில் அந்நியத் துணிக்கு எதிராகப் புழங்கியது பகிஷ்காரம். வடமொழியில் 'பஹிஸ்' என்றால் வெளியே. இலங்கைத் தமிழில் அது பகிஷ்கரிப்பாக இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே பணிப்பகிஷ்கரிப்பு என்றால் வேலைநிறுத்தம். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் நிலைத்தது புறக்கணிப்பு. ஒரு சின்னக் குறை உண்டு. மருமகன் மாமனாரைக் கண்டும் காணாமல் போவதும் புறக்கணிப்புதான். பாய்காட்டுக்கோ கூட்டமும் அறிவிப்பும் வேண்டும். ஐயம் வருமிடத்தில் 'கூட்டுப் புறக்கணிப்பு' என்று எழுதலாம். மற்ற இடங்களில் புறக்கணிப்பே போதும். 'பாய்காட் செய்தனர்' என்று எழுத ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வெளிநடப்பை மட்டும் இதோடு குழப்ப வேண்டாம். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு அமெரிக்கா போகவே இல்லை, அது புறக்கணிப்பு. போய் உட்கார்ந்துவிட்டுப் பாதியில் எழுந்து வருவதுதான் வெளிநடப்பு.