மேட்சிங் நம்பர்ஸ்: கூடப்பிறந்த எஞ்சினுக்கு ஒரு சொல்

அமெரிக்காவில் பழைய மசில் கார் ஒன்று விற்பனைக்கு வந்தால், விளம்பரத்தின் முதல் வரியிலேயே பெரும்பாலும் 'மேட்சிங் நம்பர்ஸ்' என்று இருக்கும். சிலர் 'நம்பர்ஸ் மேட்சிங்' என்று திருப்பிச் சொல்வார்கள். பொருள் ஒன்றுதான். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே பளபளப்பு உள்ள இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், இந்தச் சொல் உள்ள வண்டிக்கு ஒரு விலை, இல்லாத வண்டிக்கு வேறு விலை. இதைத் தமிழில் 'பொருந்தும் எண்கள்' என்று எழுதிவிட்டு நகர்ந்தால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எந்த எண் எதோடு பொருந்த வேண்டும்?

மசில் கார் எது என்பதை முதலில் சொல்லிவிடலாம். 1960களின் நடுவிலிருந்து 1970களின் தொடக்கம் வரை, டெட்ராய்ட் கார் நிறுவனங்கள் அளவான உடல் கொண்ட காரில் பெரிய வி8 எஞ்சினை, அதாவது எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்து, இளைஞர்களுக்கு எட்டும் விலையில் விற்றன. 1964ஆம் ஆண்டின் போண்டியாக் ஜிடிஓவைத்தான் பலரும் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இந்த வண்டிகளின் உயிர் எஞ்சினில் இருந்தது. அதனால்தான் காலம் போன பிறகு 'இந்த எஞ்சின் இந்த வண்டியுடையதுதானா?' என்ற கேள்வியே எல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் வந்து நின்றது.

1969ஆம் ஆண்டின் செவ்ரோலே கமாரோ ஒன்றை எடுத்துக்கொள்வோம். வண்டியின் அடையாள எண், அதாவது வின், முன்கண்ணாடி வழியே தெரியும்படி டாஷ்போர்டின் மேல் இருக்கும். அது 124379என் என்று தொடங்கினால், 1 செவ்ரோலேவையும், 24 வி8 எஞ்சின் கொண்ட கமாரோவையும், 37 இரண்டு கதவு கூப்பேவையும், 9 என்பது 1969ஐயும், என் என்ற எழுத்து ஒஹாயோவின் நார்வுட் ஆலையையும் குறிக்கும். பிறகு வருவது வரிசை எண். எந்த வி8 என்பதை இந்த எண் சொல்லாது. சாதாரண 307 எஞ்சினோடு (எண் கன அங்குலத்தில் எஞ்சினின் கொள்ளளவு) வந்த வண்டிக்கும், பந்தயத்தை மனதில் வைத்துச் செய்த 302 எஞ்சின் கொண்ட இசட்/28 என்ற கமாரோ வகைக்கும் ஒரே 124379தான். பின்னாளில் நடந்த அத்தனை ஏமாற்று வேலைகளுக்கும் இடம் கொடுத்தது இந்த ஓட்டைதான்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்று முன்னால், சின்னதாக ஒரு தட்டையான மேடை உண்டு. அங்கே வி0402டிஇசட் என்பதுபோல் ஒரு குறி அடித்திருப்பார்கள். வி என்பது ஃப்ளின்ட் எஞ்சின் ஆலை, 0402 ஏப்ரல் 2, டிஇசட் என்பது அந்த ஆண்டு இசட்/28க்கு மட்டுமே போன 302 எஞ்சின். அதே மேடையிலோ, சில வண்டிகளில் ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்திலோ, 19என் என்று தொடங்கி வண்டியின் வரிசை எண்ணும் அடிக்கப்பட்டிருக்கும். இந்த வரிசை எண்ணும் டாஷ்போர்டில் உள்ள எண்ணின் கடைசி ஆறு இலக்கமும் ஒன்றாக இருந்தால், அதுதான் மேட்சிங் நம்பர்ஸ். கியர்பாக்ஸிலும் இதேபோல் ஒரு சுருக்க எண் இருக்கும்.

உண்மையில் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்துவது இந்த ஓர் எண் மட்டும்தான். மற்றவை எல்லாம் முரண்படாமல் இருந்தால் போதும். எஞ்சின் பிளாக்கை, அதாவது சிலிண்டர்கள் உள்ள முக்கிய உடலை வார்த்த தேதி அதன்மேலேயே புடைப்பாக இருக்கும். சி 18 9 என்றால் மார்ச் 18, 1969. அதற்குப் பிறகு எஞ்சின் பூட்டப்பட்ட ஏப்ரல் 2. அதற்கும் பிறகு வண்டி உருவானது; எஞ்சின் அறைக்குப் பின்சுவரில் உள்ள தகட்டில் 04பி என்று இருந்தால் அது ஏப்ரல் இரண்டாவது வாரம். வார்ப்பு, பூட்டல், வண்டி என்ற இந்த வரிசை மாறவே கூடாது. வண்டி ஏப்ரலில் பிறந்து பிளாக் மே மாதம் வார்க்கப்பட்டிருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை. பிளாக்கின் வார்ப்பு வகையைக் குறிக்கும் வார்ப்பு எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. 3970010 என்ற வார்ப்பு எண் 302 எஞ்சினிலும் உண்டு. 1970களில் ஆயிரக்கணக்கில் வந்த 350 எஞ்சின்களிலும் உண்டு. தேதியில் ஆண்டுக்கு ஒரே இலக்கம்தான் என்பதால் அந்த 9 என்பது 1979 ஆகவும் இருக்கலாம்.

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களும் இதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள். ஜெர்மனியின் லூகர் கைத்துப்பாக்கியில் சின்னச் சின்னப் பாகங்களிலும் வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை அடித்திருப்பார்கள். அங்கே சொல்லுக்கும் பொருளுக்கும் இடைவெளி கிடையாது. காரில் இடைவெளி இருக்கிறது, அதை நிரப்ப வேறு சான்றுகள் வேண்டியிருக்கிறது.

அப்படியொரு சொல் அமெரிக்காவில் ஏன் தேவைப்பட்டது? நம் ஊர் ஆர்சி புத்தகத்தில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் இருக்கும். எஞ்சினை மாற்றினால் ஆர்டிஓ அலுவலகத்தில் சொல்லிப் பதிய வேண்டும். அமெரிக்க உரிமைச் சான்றில் பொதுவாக வின் மட்டும்தான். அந்தக் காலத்து இளைஞர்கள் வார இறுதியில் டிராக் என்ற குறுந்தூர நேர்கோட்டுப் பந்தயத்துக்குப் போவார்கள், எஞ்சின் வெடிக்கும், திங்கட்கிழமை வேறொன்று உள்ளே போகும். அரசாங்கத் தாளில் எங்கும் தடயம் இருக்காது. அப்போது அது வெறும் பழைய கார்; யாரும் கவலைப்படவில்லை. விலை ஏறத் தொடங்கிய பிறகுதான், அரசு எழுதி வைக்காததை இரும்பில் தேடிப் படிக்கும் பழக்கம் வந்தது. இதில் செவ்ரோலேவின் கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் அன்பர்கள் முன்னோடிகள். 1974இல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொசைட்டி ஒவ்வொரு காருக்கும் 4500 மதிப்பெண் வைத்து, போல்ட் தலையில் உள்ள குறி வரைக்கும் பார்த்துத் தீர்ப்பளிக்கிறது. ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்பதுதான் அவர்களின் அளவுகோல். ஆலை செய்ததைவிட அழகாகச் செய்திருந்தால்கூட மதிப்பெண் குறையும். எனக்கு இந்தக் கண்டிப்பு மிகவும் பிடிக்கும்.

இரும்புக்கு அடுத்தது தாள். நிலம் வாங்கும்போது நாம் தாய்ப்பத்திரம் கேட்கிறோமே, அந்த இடத்தில் இங்கே ஆலைப் பதிவு நிற்கிறது. போண்டியாக் வாங்குபவர் கொடுத்து வைத்தவர். 1961ஆம் ஆண்டிலிருந்து வந்த வண்டிகளின் பதிவுகள் போண்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் என்ற நிறுவனத்தில் இருக்கின்றன. வின்னைக் கொடுத்தால் அந்த வண்டி எப்படிப் பிறந்தது என்று ஆவணம் தருவார்கள். 1964, 1965 ஜிடிஓக்களுக்கு இது இல்லாமல் முடியாது. அந்த இரண்டு ஆண்டிலும் ஜிடிஓ என்பது லெமான்ஸ் காரில் சேர்க்கும் ஒரு விருப்பத் தொகுப்பாக மட்டுமே இருந்தது, வின்னில் அதன் அடையாளம் கிடையாது. ஃபோர்டுக்கு 1967 முதலான தரவுகளை வைத்திருக்கும் மார்ட்டி அறிக்கை உண்டு. செவ்ரோலேவுக்கு அமெரிக்காவில் அப்படி ஒரு பொதுக் களஞ்சியம் இல்லை. அதனால் கமாரோ, செவெல் வாங்குபவர்கள் வேறு பொருள்களைத் தேடி அலைகிறார்கள்: உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த புரோட்டெக்ட்-ஓ-பிளேட் என்ற சின்ன உலோகத் தகடு, முதல் விற்பனை ரசீது, ஆலைத் தொழிலாளிக்கு எந்தப் பாகம் எங்கே என்று சொல்ல அடித்த பில்ட் ஷீட். இந்தக் கடைசித் தாள் வேலை முடிந்ததும் வண்டிக்குள்ளேயே எங்காவது விடப்பட்டது. பின்சீட்டு ஸ்பிரிங்குகளுக்கு நடுவிலோ, பெட்ரோல் டேங்கின் தலையிலோ, எலி கடித்தது போக மிச்சம் கிடைக்கும். யாரும் பாதுகாக்க நினைக்காத ஒரு தாள் இன்று வண்டியின் பெரிய சாட்சி.

சொல்லின் வேருக்கு வருவோம். ஆங்கிலத்தின் 'மேட்ச்' பழைய ஆங்கிலத்தில் துணை, இணை, வாழ்க்கைத்துணை என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது. இரண்டில் ஒன்று என்பதே அதன் மூலக்கருத்து. போட்டி என்ற பொருள் பிறகு சேர்ந்தது: சமமானவர்கள்தானே மோத முடியும்? தமிழிலும் 'பொரு' என்ற பழைய வினைக்கு மோதுதல், ஒத்திருத்தல் இரண்டும் பொருள். 'பொருவிலா' என்றால் ஒப்பில்லாத. திருமணத்துக்குப் பார்க்கும் பொருத்தம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆக 'எண் பொருத்தம்' என்று சொன்னால் ஆங்கிலச் சொல்லின் நிழல் சரியாகவே விழுகிறது.

ஆனாலும் அது போதாது என்பதே என் கருத்து. பொருத்தம் என்பது தனித்தனியாக இருந்த இரண்டைப் பிறகு சேர்த்துப் பார்ப்பது. இங்கே கேள்வி அதுவல்ல. இந்த எஞ்சினும் இந்த உடலும் ஒரே நாளில், ஒரே ஆலையில் சேர்ந்து வெளியே வந்தனவா என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்திலேயே விவரமானவர்கள் இப்போது 'பிறக்கும்போதே இருந்த எஞ்சின்' என்ற பொருளில் 'பார்ன் வித்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் தேட வேண்டியதே இல்லை: கூடப்பிறந்த எஞ்சின். எழுத்து நடையில் உடன்பிறந்த எஞ்சின். கேட்டவுடனே புரியும், மெக்கானிக்கும் சொல்வார்.

எண் ஒத்திருப்பதும் கூடப்பிறந்ததும் எப்போதும் ஒன்றல்ல. ஆலையில் அந்த மேடையைச் சீவும்போது புரோச் என்ற வெட்டுக்கருவி மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். ஏமாற்றுபவர் வேறொரு பிளாக்கில் பழைய எண்ணைத் தேய்த்து எடுத்துவிட்டு, தனக்கு வேண்டிய எண்ணை அடிப்பார். அப்போது கோடுகள் அழிந்திருக்கும், அல்லது போலிக் கோடுகள் தவறான திசையில் ஓடும். தேர்ந்தவர்கள் எண்ணைப் பார்ப்பதற்கு முன் கோட்டைத்தான் பார்ப்பார்கள். மறுபக்கம், நேர்மையான லேத் பட்டறைக்காரர் எஞ்சினைப் புதுப்பிக்கும்போது பிளாக்கின் மேற்பரப்பைச் சீவினால் எண் போய்விடும். அந்த எஞ்சின் கூடப்பிறந்ததுதான், ஆனால் சொல்ல எண் இல்லை. 1968க்கு முந்தைய பல ஃபோர்டு எஞ்சின்களில் வண்டி எண்ணே அடிக்கப்படவில்லை. கே என்ற குறியுள்ள 289 எஞ்சின் போன்ற சிலவற்றுக்கே அந்த மரியாதை கிடைத்தது. ஒரு சாதாரண 1965 மஸ்டாங்குக்கு மேட்சிங் நம்பர்ஸ் என்று விளம்பரம் செய்வதற்குப் பொருளே இல்லை.

எனவே நான் முன்வைப்பவை இவை. எண் சரியாக இருந்தால் 'எண் ஒத்த'. வண்டி எண் இல்லாமல் தேதியும் வகையும் மட்டும் சரியாக இருந்தால் 'தேதி ஒத்த'. எண்ணும் கோடும் தாளும் சேர்ந்து உறுதிசெய்தால் மட்டும் 'கூடப்பிறந்த'. பிறகு அடித்த எண்ணுக்கு 'மறுபொறிப்பு'. விற்பவர் அதை மறைத்தால் 'போலிப்பொறிப்பு' என்றே சொல்ல வேண்டும், மெல்லிய சொல் தேவையில்லை. இன்னொரு வகையும் உண்டு. உத்தரவாதக் காலத்தில் எஞ்சின் பழுதாகி, ஜெனரல் மோட்டார்ஸே டீலர் வழியாக மாற்றிக் கொடுத்த பிளாக்குகளில் சிஇ என்ற குறி இருக்கும். இதை 'ஆலை மாற்று' எனலாம். சந்தை இதற்கு மதிப்பைக் குறைக்கிறது. அந்த வண்டியின் உண்மையான வரலாறு அதுதான் என்பதால், எண்ணைத் திருத்தி அழகாக நிற்கும் காரைவிட எனக்கு இதன்மேல்தான் மரியாதை அதிகம்.

அப்புறம் அரிது என்ற விஷயம். 'அருமை' என்ற நம் சொல்லுக்கு முதற்பொருள் அரிதாயிருத்தல். சிறப்பு என்பதும் கூடவே வளர்ந்த பொருள். மசில் கார் சந்தையிலும் இந்த இரண்டும் அடிக்கடி குழம்புகின்றன. 1969 இசட்/28 மொத்தம் 20,302 வந்தது. அதே ஆண்டு முழு அலுமினிய 427 எஞ்சினோடு வந்த இசட்எல்1 கமாரோ வெறும் 69. இல்லினாய் மாநிலம் லா ஹார்ப் ஊரின் ஃபிரெட் கிப் என்ற டீலர் 50 வண்டிகள் கேட்டதால்தான் அது உருவானது. விலை 7,000 டாலரைத் தாண்டியதால் பெரும்பாலானவற்றை அவரால் விற்க முடியாமல் போனது. 1971இல் போண்டியாக் ஜிடிஓவின் ஜட்ஜ் வகையில் கன்வெர்ட்டிபிள், அதாவது கூரையை மடக்கக்கூடிய கார், 17 மட்டும். ஜட்ஜ் என்பதும் ஒரு தொகுப்புதான், வின்னில் வராது. ஆவணம் இல்லாவிட்டால் அந்த 17இல் ஒன்று என்று சொல்லவே முடியாது. பிளிமத் நிறுவனத்தின் 1971 ஹெமி குடா கன்வெர்ட்டிபிளின் வின்னில் மட்டும் ஆர் என்ற எழுத்து 426 ஹெமி என்று நேராகச் சொல்லிவிடும். 2014இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் அப்படிப்பட்ட ஒன்று 35 லட்சம் டாலருக்குப் போனது.

இவை உண்மையான அரிது. ஆனால் ஆலைத் தரவு கையில் கிடைத்ததும் இன்னொரு வழக்கம் கிளம்பியது. இந்த நிறம், இந்தச் சீட்டுத் துணி, இந்த ரேடியோ, இந்த ஆக்சில் விகிதம் என்று வடிகட்டிக்கொண்டே போய், கடைசியில் 'ஒன் ஆஃப் ஒன்' என்று அறிவிப்பார்கள். போதுமான அளவு வடிகட்டினால் எந்தக் காரும் தனியொன்றாகிவிடும். இதற்குத் தமிழில் 'தனியொன்று' என்று பெருமையாகச் சொல்வதைவிட 'சேர்க்கை அரிது' என்று அளவாகச் சொல்லலாம். எஞ்சினால் அரிதானதை 'பிறப்பால் அரிது' என்று பிரித்துக் காட்டலாம்.

இந்தியாவிலும் இந்தச் சொற்களுக்கு வேலை வந்துவிட்டது. 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, முதல் பதிவு முடிந்து 50 ஆண்டுகளைக் கடந்த, மூல வடிவில் பேணப்படும் வாகனங்களை விண்டேஜ் என்று தனியாகப் பதியலாம். எண் பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பிறகு விஏ என்று வரும். சேஸிஸ், உடல், எஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்தப் படிவத்தை நிரப்பும்போது எஞ்சின் கூடப்பிறந்ததா, எண் ஒத்ததா, ஆலை மாற்றா என்று பிரித்து எழுத வேண்டியிருக்கும்.